பதினான்காம் பிரிவும் வச்சலாவின் ஜாதகமும்

செங்கல்பட்டு,
10-2-1974, ஞாயிற்றுக்கிழமை.

அன்பும் மரியாதையும் நிறைந்த பெரிய மச்சான் பூவராகவன் அவர்களுக்கு, சிவப்பிரகாசம் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கு நானும், தங்கள் தங்கை சம்பூர்ணமும், மகள் வச்சலாவும் நலம். நலம் என்பதில் சம்பூர்ணம் மூன்று நாளாக என்னிடம் பேசவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளவும். விசாகப்பட்டினத்தில் தாங்களும் அண்ணியாரும் குழந்தைகளும் சுகமாக இருக்கத் திருவிடந்தைப் பெருமாளை வேண்டிக்கொள்கிறேன். தங்கள் மூன்று கடிதங்களும் வந்து சேர்ந்தன. உங்கள் துறைமுக அதிகாரியின் மகனுக்கு நம் வச்சலாவைப் பார்க்கலாம், உடனே ஜாதகத்தை அனுப்பு என்று மூன்றிலும் எழுதியிருந்தீர்கள். மூன்றாவதில் 'ஜாதகம்' என்ற சொல்லுக்குக் கீழே இரண்டு கோடு போட்டிருந்தீர்கள். முப்பது வருடமாக என்னிடம் ஒரு அதட்டல் போடாத தாங்கள் அந்த இரண்டு கோடு போட்டதிலிருந்தே தங்கள் மனம் புரிந்தது. பதில் எழுதாதது என் தப்புத்தான். ஆனால் நடந்ததைப் படித்தால் என்னை மன்னிப்பதோடு நிற்காமல் பக்கத்து வீட்டுக்காரரையும் கூப்பிட்டுச் சொல்வீர்கள்.

விஷயத்தை முதலிலேயே போட்டு உடைத்துவிடுகிறேன், என்னால் அடக்க முடியவில்லை. கையெழுத்தாகிவிட்டது மச்சான். நான் தலைமை எழுத்தராக இருக்கும் பாலாறு வணிக நிர்வாகக் கல்லூரியும், நார்வே நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றும் கூட்டாகச் சேர்ந்து வணிக நிர்வாகத்தில் டாக்டர் பட்டம் கொடுக்கப் போகின்றன. ஒன்றரை வருடம் செங்கல்பட்டில் ஆராய்ச்சி, ஒன்றரை வருடம் அங்கே. இங்கே ஒரு வழிகாட்டி, அங்கே ஒரு வழிகாட்டி. பட்டம் மட்டும் ஒன்று. அதில் சேரப்போகும் முதல் ஆள் நம் வச்சலா. எம்.காம். முடித்து எங்கள் கல்லூரியிலேயே பாடம் நடத்திக்கொண்டிருப்பவளை இயக்குநரே கூப்பிட்டுப் பெயர் எழுதிக்கொண்டார். இதற்குச் சம்பூர்ணம் லேசில் சம்மதிக்கவில்லை. இப்போதே இருபத்துநான்கு, படித்து முடித்து வரும்போது இருபத்தேழு, அதற்குமேல் பனி தேசத்தில் போய் மூக்குச் சிவந்து வந்தால் யார் கட்டுவார்கள் என்று ஆயுத பூஜையிலிருந்து பேச்சு. கடைசியில் தாயும் மகளும் என்னை நடுவில் உட்காரவைத்து ஓர் ஏற்பாட்டுக்கு வந்தார்கள். தை முடிவதற்குள் ஒப்பந்தம் கையெழுத்தானால் வச்சலா படிக்கலாம், ஜாதகம் பீரோவைவிட்டு வெளியே வராது. கையெழுத்தாகாவிட்டால் தை கடைசி நாளில் ஜாதகம் தங்களுக்கு வந்துவிடும், வச்சலா வாய் திறக்கக்கூடாது. நாளை மறுநாள் செவ்வாயோடு தை முடிகிறது. நாங்கள் கையெழுத்து வாங்கியது வெள்ளிக்கிழமை. எத்தனை நெருக்கத்தில் தப்பித்தோம் பாருங்கள்.

இது எப்படி ஆரம்பித்தது என்றால், எங்கள் இயக்குநர் டாக்டர் தேவசகாயம் போன வருடம் முப்பத்திரண்டு வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுக்குக் கடிதம் எழுதினார். அதாவது அவர் சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்தேன். இரண்டு கடிதம் முகவரி இல்லையென்று திரும்பி வந்தது. ஓர் இடத்திலிருந்து பூச்செடி விலைப்பட்டியல் வந்தது, ஏன் என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. நார்வேயிலிருந்து மட்டும் ஹால்வர்சன் என்ற பேராசிரியர், யோசனை நன்றாக இருக்கிறது, நேரில் வந்து பேசுகிறேன் என்று எழுதினார். அன்று முதல் எங்கள் இயக்குநர் தரையில் நடக்கவில்லை. 'சர்வதேச' என்ற சொல்லைச் சொல்லும்போதெல்லாம் குதிகாலைத் தூக்கிக்கொள்வார். கேள்வித்தாள் கட்டுகள் அடுக்கியிருந்த அறையைக் காலிசெய்து, வெள்ளையடித்து, உலகப்படம் மாட்டி, 'சர்வதேச அறை' என்று பலகை வைத்தார். கேள்வித்தாள் கட்டுகளுக்கு இடமில்லாமல் என் மேசைக்கு அடியில் போட்டதால் ஆறு மாதமாக நான் காலை மடித்து வைத்துக்கொண்டுதான் வேலை பார்க்கிறேன்.

பேராசிரியர் வருவதற்குள் மூன்று வருடப் பாடத்திட்டம் தயாராக இருக்க வேண்டும். வச்சலாதான் இரண்டு மாதம் உட்கார்ந்து அதை எழுதினாள். சரிபார்க்கலாம் என்று நான் அதை ஒரு பழைய பைலில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அந்த பைல் கிழிந்து, அழுக்கேறி, பார்க்கச் சகிக்காமல் இருந்தது என் குற்றம். மறுநாள் போகி என்பதை மறந்தது அதைவிடப் பெரிய குற்றம். விடியற்காலையில் எழுந்து பார்த்தால் தெருவெல்லாம் புகை. சம்பூர்ணம் பழைய பாயையும் உடைந்த முறத்தையும் போட்டு எரித்துக்கொண்டிருக்கிறாள், மேலே பாடத்திட்டம் சுருண்டு சுருண்டு கறுக்கிறது. நான் கத்தின கத்தலில் எதிர்வீட்டு ஜெசிந்தா அம்மாள் தண்ணீர்க் குடத்தோடு ஓடிவந்துவிட்டார். சம்பூர்ணம் தெரிந்து செய்தாளா தெரியாமல் செய்தாளா என்று நான் கேட்கவில்லை, தாங்களும் கேட்க வேண்டாம். வச்சலா சாம்பலைப் பார்த்தாள், உள்ளே போனாள், பொங்கல் அன்றும் மாட்டுப் பொங்கல் அன்றும் பலகையை மடியில் வைத்துக்கொண்டு நாற்பது பக்கத்தையும் மறுபடி எழுதிவிட்டாள். பழையதைவிட இது நன்றாக இருக்கிறது, முதலில் எழுதியதை எரித்துவிடுவது நல்ல பழக்கம் என்று இயக்குநர் மற்ற ஆசிரியர்களுக்கும் யோசனை சொன்னார்.

ஹால்வர்சன் ஜனவரி இருபத்தெட்டாம் தேதி வந்து இறங்கினார். ஆறரை அடி உயரம், எங்கள் சர்வதேச அறையின் வாசல் நிலையில் முதல் நாளே நெற்றி இடித்துக்கொண்டார். செங்கல்பட்டில் அவர் நீளத்துக்குக் கட்டில் கிடைக்காததால் மாமல்லபுரத்தில் கடலோரமாக ஒரு விடுதியில் தங்கவைத்தோம். தினமும் காலையில் கல்லூரி அம்பாசிடர் காரில் இயக்குநர் முன்னால், நானும் வச்சலாவும் பின்னால், என் மடியில் தட்டச்சு இயந்திரம். திருக்கழுக்குன்றம் வழியாகப் போய்ச் சேருவதற்குள் என் இரண்டு முழங்காலும் மரத்துவிடும். ஒப்பந்தத்தில் ஒன்று முதல் பதின்மூன்று வரையான பிரிவுகள் முதல் நாளே முடிந்தன. பதினைந்து முதல் இருபது வரை இரண்டாம் நாள் முடிந்தன. பதினான்காம் பிரிவு மட்டும் மச்சான், அந்தப் பதினான்காம் பிரிவு மட்டும் ஒன்பது நாள் எங்களை உட்காரவைத்துவிட்டது.

அதில் இருந்தது இதுதான். இரண்டு வழிகாட்டிகளும் ஒத்துப்போகாவிட்டால் யார் சொல்வது கடைசி? ஆராய்ச்சித் தலைப்பை யார் தீர்மானிப்பது? கடைசி வாய்மொழித் தேர்வு எந்த ஊரில்? பட்டத்தில் எந்தப் பெயர் முதலில்? இயக்குநருக்கு எல்லாமே வேண்டும், ஏனென்றால் மாணவி எங்கள் மாணவி. பேராசிரியருக்கும் எல்லாமே வேண்டும், ஏனென்றால் நூலகம் அவர்கள் நூலகம். இரண்டு பேரும் சண்டை போட்டிருந்தால் ஒரு நாளில் முடிந்திருக்கும். போடவில்லையே. ஒருவருக்கொருவர் இளநீர் உபசாரம் செய்துகொண்டு, "தங்கள் கருத்தை மிகவும் மதிக்கிறேன்" என்று ஆரம்பித்து, முடியாது என்று முடிப்பார்கள். நான் அந்த ஒரு பிரிவை மட்டும் பதினான்கு முறை தட்டச்சு செய்தேன். என் இயந்திரத்தில் W தேய்ந்துவிட்டது. வச்சலா கையில் நோட்டோடு மூலையில் உட்கார்ந்து ஒவ்வொரு வார்த்தையையும் குறித்துக்கொண்டிருப்பாள். அவள் முகத்தைப் பார்க்கப் பயந்து நான் கடலைப் பார்ப்பேன்.

வியாழக்கிழமை அது உடைந்தது. மறுநாள் இரவு பேராசிரியருக்கு விமானம். இயக்குநர் பைலை மூடி நாடாவைக் கட்டி, வேறொரு சந்தர்ப்பத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று எழுந்துவிட்டார். அவரும் எழுந்து கை குலுக்கிவிட்டார். அவ்வளவுதான், முடிந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது மச்சான், தங்களிடம் சொல்ல என்ன வெட்கம். நான் எஸ்.எஸ்.எல்.சி.யோடு நின்றவன். என்னை மேலே படிக்கவைக்க அப்பாவின் வலைக்கு வலு இல்லை என்பது தங்களுக்குத் தெரியும். இருபத்தாறு வருடமாக மற்றவர்கள் பெயருக்கு முன்னால் அந்தப் பட்டத்தை நான்தான் தட்டச்சு செய்கிறேன், ஒரு புள்ளி தவறாமல். நம் வீட்டுப் பெயர் ஒன்றுக்கு முன்னால் ஒரே ஒரு தடவை அதைத் தட்டிவிட்டால் போதும், அந்த இயந்திரத்துக்குப் பூ வைத்து மூடிவிடலாம் என்று நினைத்திருந்தேன்.

வச்சலா அழவில்லை. பேராசிரியரைச் சென்னையில் கொண்டுபோய் விட வேண்டும், கார் கடலோரமாகத்தான் போகும், திருவிடந்தையில் எங்கள் மாமா பெரிய வலை போட்டிருக்கிறார், ஐந்து நிமிடம் பார்த்துவிட்டுப் போகலாமா என்று அவரைக் கேட்டாள். உங்கள் தம்பி சடையன் அன்று மாப்பு வலையைக் கடலில் வளைத்துப் போட்டு, இரண்டு பக்கமும் ஆட்கள் கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்த நேரம். பேராசிரியர் காரைவிட்டு இறங்கினாரோ இல்லையோ, செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடிப்போய்க் கயிற்றைப் பிடித்துவிட்டார். சும்மா பிடிக்கவில்லை, தெரிந்தவர் பிடிக்கிற பிடி. கழுத்துப்பட்டை தோளுக்கு மேல் பறக்கிறது, சடையன் "ஏலோ" என்றால் இவரும் "ஏலோ" என்கிறார். ஈரமணலில் சறுக்கி விழப்போனவரைத் தாங்குவதற்காக எங்கள் இயக்குநர் ஓடிப்போய், தானும் விழாமலிருக்க அதே கயிற்றைப் பிடித்துக்கொண்டார். பிடித்தவரை விடச் சொல்ல யாருக்கும் நேரமில்லை, பின்னாலிருந்தவர்கள் தள்ள, அவரும் முக்கால் மணி நேரம் இழுத்தார். நான் ஒப்பந்த பைலை மார்போடு அணைத்துக்கொண்டு, அலைபடாத இடமாகப் பார்த்து நின்றேன்.

வலை கரையேறியது. காரப்பொடி, நெத்திலி, நாலைந்து வவ்வால் மீன், அதோடு தொட்டால் அரிக்கும் சொறிமீன் ஏராளம். சடையன் பெண்சாதி ஆதியம்மாள் முந்தானையைச் செருகிக்கொண்டு பங்கு வைக்க உட்கார்ந்தது. நம் ஊர் வழக்கம் தங்களுக்குத் தெரியாததா, கயிற்றைத் தொட்டவனுக்கெல்லாம் பங்கு உண்டு. ஆதியம்மாள் பேராசிரியருக்கு ஒரு குவியல், இயக்குநருக்கு ஒரு குவியல், கயிறு இழுத்தவர்களுக்கெல்லாம் குவியல் என்று மணலில் வரிசையாக வைத்துக்கொண்டே போனது. நானும் பக்கத்தில் போய் நின்றேன். ஊரைவிட்டு வந்து நாளானாலும் வீட்டு மாப்பிள்ளை இல்லையா. ஆதியம்மாள் என்னை நிமிர்ந்து பார்த்து எல்லார் முன்னிலையிலும் சொன்னது:

"கயித்த தொடாதவனுக்கு இன்னா பங்கு அண்ணாத்த? பைல புட்ச்சிகினு நின்னுகினு இருந்தியே, அதுல எதுனா மீன் கீதா பாரு."

பேராசிரியர் என்ன என்று கேட்டு, வச்சலா ஆங்கிலத்தில் சொல்ல, அவர் அந்த உயரத்திலிருந்து மணலில் உட்கார்ந்து சிரித்தார். தலைமை எழுத்தரின் மானம் போனதைப் பற்றி இப்போது எனக்கு வருத்தமில்லை, அன்று இருந்தது. எல்லாரும் வந்து தங்கள் குவியலை எடுத்துக்கொண்டார்கள். ஆதியம்மாள் மட்டும் அசையாமல் உட்கார்ந்திருந்தது. எல்லாரும் எடுத்தபின் மிச்சமிருந்த குவியலைத் தன் கூடையில் வாரிப்போட்டுக்கொண்டது. ஏன் இந்த அம்மாள் கடைசியில் எடுக்கிறார் என்று பேராசிரியர் கேட்டார். வச்சலா அத்தையைக் கேட்டாள்.

"பங்கு வெக்கறவ கடசிலதான் எடுக்கணும்," என்றது ஆதியம்மாள். "மொதல்ல எடுக்க வுட்டா, எனக்குன்னு ஒரு குமியல பெர்சா வெச்சிக்க மாட்டனா? கடசில எடுக்கறதுன்னா கை தானா சமமா வெக்கும்."

இதைக் கேட்டதும் பேராசிரியர் சிரிப்பை நிறுத்திவிட்டார். பத்து நாளில் முதல் தடவையாகச் சொந்த விஷயம் பேசினார். அவர் அப்பாவும் மீன்காரராம். அங்கேயும் படகில் பங்குதானாம், ஆனால் பங்கு வைக்கிறவர் முதலில் எடுத்துக்கொள்வாராம், அதனால் அவர்கள் வீட்டில் எப்போதும் சின்ன மீன்தான் என்றார். அந்தச் சமயத்தில்தான் மச்சான், நம் வச்சலா வாயைத் திறந்தாள். கையில் வவ்வாலோடு நின்ற இயக்குநரைப் பார்த்து, குரலை உயர்த்தாமல், "சார், பதினான்காம் பிரிவை நீங்கள் இரண்டு குவியலாக வையுங்கள். அவர் முதலில் எடுக்கட்டும்," என்றாள்.

ஒன்பது நாளாக எல்லாம் எனக்கே என்று பேசிய மனிதர், கவிழ்த்துப் போட்டிருந்த கட்டுமரத்தின்மேல் இரண்டு தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். எந்தக் குவியல் தனக்கு வரும் என்று தெரியாததால் அவர் பட்ட பாட்டை நான் வர்ணிக்க மாட்டேன். தலைப்பைத் தீர்மானிப்பதை இடது தாளில் எழுதுவார், இது அதிகம் என்று அடித்து வலது தாளில் எழுதுவார். கடைசியில் பட்டத்தில் முதல் பெயரும் தலைப்பு உட்பட முதல் பாதியில் கடைசி வார்த்தையும் ஒரு தாளில், எடுப்பவர் ஊரிலேயே வாய்மொழித் தேர்வும் இரண்டாம் பாதியில் கடைசி வார்த்தையும் மற்றதில் என்று வந்தது. பேராசிரியர் அரை நிமிடத்தில் முதல் தாளை எடுத்துக்கொண்டார். இயக்குநருக்கு மற்றது. இரண்டு பேருக்கும் தாங்கள்தான் நல்ல குவியலை அடைந்தோம் என்று அப்படி ஒரு சந்தோஷம். வாய்மொழித் தேர்வு செங்கல்பட்டில் என்றால் நார்வேக்காரர்கள் ஐந்து பேர் எங்கள் கல்லூரிக்கு வந்தாக வேண்டும், இயக்குநரின் குதிகால் அரை அடி தூக்கிவிட்டது. பேராசிரியர் அன்று சென்னைக்குப் போகவில்லை, எல்லாம் முடிந்ததும் மாமல்லபுரத்துக்கே திரும்பினார். அதற்கு முன்பே நான் தட்டச்சு இயந்திரத்தைக் காரின் முன்மூடிமேல் வைத்து, கடற்கரையிலேயே, மூன்று பிரதி ஒரேயடியாகத் தட்டினேன்: அவர்களுக்கு ஒன்று, எங்களுக்கு ஒன்று, அலுவலகத்துக்கு ஒரு கார்பன். மூன்றிலும் நெத்திலி வாசனை வருகிறது. அதை யாரும் பொருட்படுத்தவில்லை.

வெள்ளிக்கிழமை காலை கையெழுத்து. பத்தரையிலிருந்து பன்னிரண்டுவரை ராகுகாலம், அந்த நேரத்தில் பேனாவைத் தொட்டால் நான் சம்மதிக்க மாட்டேன் என்று கல்லூரிக் குழுத் தலைவர் நரசிம்மன் கடப்பாக்கத்திலிருந்து டிரங்க்கால் போட்டுச் சொல்லிவிட்டார். எங்கள் இயக்குநர் ஜெபம் செய்கிறவர், ராகுவை நம்பாதவர். ஆனாலும் நம்பாதவர்களுக்கு அது பொருந்துமா என்று பரிசோதிக்க இது நேரமல்ல என்று பன்னிரண்டேகாலுக்குத்தான் பேனாவைத் திறந்தார். நான் மூன்று பிரதிகளுக்கும் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவினேன். பேராசிரியர் அதை எங்கள் கல்லூரி முத்திரை என்று நினைத்து, தன் கையெழுத்துக்கு அடியிலும் விரலால் ஒன்று வைத்துக்கொண்டார். அப்படியே விமானத்துக்குப் போய்விட்டார். அதன்பின் நான் மூன்றையும் எடுத்துக்கொண்டு கடப்பாக்கம் போய், அங்கே தன் சவுக்குத்தோப்பில் இருந்த தலைவரின் கையெழுத்தையும் வாங்கிக்கொண்டு திரும்பினால், தபால் நிலையம் மூடிவிட்டது. நார்வேப் பிரதி மார்ச் முதல் தேதிக்குள் அங்கே போய்ச் சேர வேண்டும், இல்லையென்றால் அவர்கள் சபையில் இந்த வருடம் எடுக்க மாட்டார்கள். ஆகையால் அன்று மாலையே அதை ஒரு நீள பழுப்பு உறையில் போட்டு ஒட்டி, உறைக்கும் நான்கு மூலையில் மஞ்சள் வைத்து, முருகன் படத்துக்குக் கீழ்ப் பலகையில் வைத்தேன். முகவரியை மறுநாள் தபால் நிலையத்தில் நிதானமாக எழுதலாம் என்று விட்டுவிட்டேன். அந்த ஊர்ப் பெயரில் ஓர் எழுத்துக்கு மேலே வட்டம் வருகிறது, அதை ஆட்டமில்லாத மேசையில் போட வேண்டும். நேற்று சனிக்கிழமை காலை முதல் ஆளாகப் போய் பதிவு விமானத் தபாலில் சேர்த்துவிட்டேன். ரசீது என் சட்டைப் பையில் இருக்கிறது. இதை எழுதும்போதும் தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன்.

ஆகவே மச்சான், தங்கள் அதிகாரியிடம் தாங்கள்தான் பக்குவமாகச் சொல்ல வேண்டும். பெண் மேல்படிப்புப் படிக்கப் போகிறாள், மூன்று வருடம் ஜாதகம் வெளியே வராது என்று சொல்லுங்கள். தங்களுக்கு மனக்குறை இருக்கும், தெரியும். சம்பூர்ணத்துக்கும் இருக்கிறது. தட்டை வைக்கிற சத்தத்திலேயே தெரிகிறது. எனக்கும் உள்ளூரப் பயம்தான். ஆனால் அன்று கடற்கரையில் பெரிய மனிதர்கள் இரண்டு பேர் திணறிக்கொண்டிருந்தபோது நம் பெண் சொன்ன ஒரு வார்த்தையில் எல்லாம் முடிந்ததைப் பார்த்தபின், இவளை வேறு எந்தக் கயிற்றிலும் கட்ட எனக்கு மனம் வரவில்லை. இப்போதே தட்டிப் பார்த்துவிட்டேன், யாருக்கும் காட்டவில்லை: டாக்டர் சி. வச்சலா. W இல்லாத பெயர் என்பதால் அழகாக விழுந்தது.

அண்ணியாருக்கு என் வணக்கம். குழந்தைகளுக்கு, கடல் உப்புள்ளவரை அவர்கள் நன்றாக இருக்க என் ஆசீர்வாதம். இந்தக் கடிதத்தை நாளை கல்லூரிக்குப் போகும் வழியில் வச்சலா தபாலில் சேர்ப்பாள்.

என்றும் தங்கள் சொல்லுக்குக் கட்டுப்பட்ட,
மு. சிவப்பிரகாசம்

பின்குறிப்பு: மச்சான், மேலே எழுதியது எதையும் நம்ப வேண்டாம். கடிதத்தை மடிக்கும்போது சம்பூர்ணம் மூன்று நாள் கழித்து வாய் திறந்தாள். "நான் நேத்தே அண்ணனுக்கு ஜாதகத்த அனுப்பிட்டேன். நீங்க கையெழுத்து வாங்கினா இன்னா, அது பாட்டுக்கு ஒரு பக்கம் போவட்டும்," என்றாள். அதோடு விட்டிருக்கலாம். "ஜாதகம் இன்னா இந்த கனம் கனக்குது? தபால் தல பத்தலன்னு ஜெசிந்தா இன்னும் நாலு ஒட்னா," என்றாள். வச்சலாவின் ஜாதகம் இரண்டே தாள் மச்சான். ஒப்பந்தம் பதினெட்டுத் தாள். வெள்ளிக்கிழமை மாலை இவளும் என் அலுவலக உறை ஒன்றையே எடுத்து, ஜாதகத்தைப் போட்டு, மஞ்சள் வைத்து, அதே பலகையில் என் உறைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாள். முகவரியை ஜெசிந்தா அம்மாள் எழுதிக்கொள்வார் என்று இவளும் எழுதவில்லை. பீரோவைத் திறந்து பார்த்தேன், ஜாதகம் இல்லை. அப்படியென்றால் தங்களுக்கு வருவது ஒப்பந்தம். நான் பதிவுத் தபாலில் நார்வேக்கு அனுப்பியது ஜாதகம். என் கையில் இருந்த உறை கனமாக இருந்ததா லேசாக இருந்ததா என்று ஒரு மணி நேரமாக யோசிக்கிறேன், நினைவில்லை. நேற்று நான் இருந்த சந்தோஷத்தில் எதுவுமே கனக்கவில்லை. அங்கே சபையில் பன்னிரண்டு பேர் கூடி உறையைப் பிரித்து, பூச நட்சத்திரம் கடக ராசி என்று கட்டத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். தங்கள் காலில் விழுகிறேன், உறை வந்ததும் பிரிக்காமல் பதிவுத் தபாலில் திருப்பி அனுப்புங்கள், தந்தி கொடுங்கள். முக்கியமாக அதை மாப்பிள்ளை வீட்டாரிடம் பொருத்தம் பார்க்கக் கொடுத்துவிடாதீர்கள். ஒன்பதாம் பிரிவில், எந்தத் தரப்பும் ஆறு மாத முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு விலகிக்கொள்ளலாம் என்று இருக்கிறது. கல்யாணப் பேச்சில் அது நன்றாக இருக்காது. வச்சலாவிடம் எப்படிச் சொல்வேன் என்று தெரியவில்லை. இன்னும் சொல்லவில்லை. இந்தக் கடிதத்தை அவள் கையில் ஒட்டாமல் கொடுக்கிறேன். அவளே படித்துக்கொள்ளட்டும், என்னால் நேரில் முடியாது.

11-2-74, தபால் நிலையம்.

பெரிய மாமாவுக்கு வச்சலாவின் வணக்கம். அப்பா சொன்னபடி படித்தேன். தாங்கள் பயப்பட வேண்டாம். நார்வேக்குப் போனது ஒப்பந்தம்தான். வெள்ளிக்கிழமை மாலை பலகையில் மஞ்சள் வைத்த இரண்டு உறைகளைப் பார்த்து, பசை காய்வதற்குள் இரண்டையும் திறந்து பார்த்தேன். அப்பாவுடையது சரியாக இருந்தது, மறுபடி ஒட்டிவிட்டேன். அம்மாவுடையதில் இருந்த ஜாதகத்தை எடுத்துவிட்டு, அப்பா பையிலிருந்த கார்பன் பிரதியைப் போட்டு ஒட்டினேன். தங்களுக்கு வந்திருப்பது அதுதான். படித்துவிட்டுக் கல்லூரி முகவரிக்கு அனுப்பிவிடுங்கள். பதினான்காம் பிரிவை மட்டும் இரண்டு தடவை படியுங்கள். இதை அப்பாவிடம் இன்றே சொன்னால் அவர் சந்தோஷத்தில் அம்மாவிடம் சொல்லிவிடுவார், அம்மா தை முடிவதற்குள் ஜாதகத்துக்கு இன்னொரு நகல் எழுதி வாங்கிவிடுவார். அதனால் புதன்கிழமை சொல்கிறேன். இரண்டு நாள் அப்பா தூங்க மாட்டார் என்பது எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

நான் யாரையும் ஏமாற்றியதாகத் தாங்கள் நினைக்கக்கூடாது, மாமா. பங்கு வைத்தவள் கடைசியில்தான் எடுக்க வேண்டும் என்பது ஆதியம்மாள் அத்தையின் சட்டம். பலகையில் பங்கு வைத்தது நான். அப்பா ஓர் உறையை எடுத்தார், அம்மா ஓர் உறையை எடுத்தார். மிச்சமிருந்தது என் ஜாதகம் மட்டும்தான். அதை நான் எடுத்துக்கொண்டேன்.